முதல் ஓட்டம் கணக்கில் சேராது

புதிய கார்டுதான் ஜெயித்தது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பார்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு அறுபது படம் வரைந்தது. புதியது இருநூற்று நாற்பது. பழசு சூடாகி அதன் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. புதுசு இருக்கிற இடம் தெரியவில்லை. கரண்ட்டும் பாதிதான் குடித்தது. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் புதுசு மேல். ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒரு பத்தி சேர்த்திருந்தேன். அந்தப் பத்திக்குத்தான் எங்கள் மேலாளர் கிரிதரன் சார் என்னைக் கூப்பிட்டார்.

தரமணியில் இருக்கிற எங்கள் ஆய்வகத்துக்கு இதுதான் வேலை. இரண்டு கார்டு வரும். ஒரே சாலை, ஒரே வெளிச்சம், ஒரே வண்டிகளை இரண்டிலும் ஓட்டிப் பார்த்து எது தேவலை என்று சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வாங்குவதற்கு முன் எங்களிடம் வருவார்கள். இந்த முறை வந்தது கம்பெனி இல்லை, விசாரணைக் கமிஷன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் லாரிகளில் இப்போது டிரைவர் கிடையாது. டிரைவர்கள் ஊருக்குள் ஒரு ஏசி ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டீயரிங், முன்னால் மூன்று திரை. லாரியின் கேமரா அனுப்புவதை வைத்து கார்டு சாலையை வரைந்து காட்டும். அதைப் பார்த்து ஓட்ட வேண்டும். போன மாசியில், விடிகாலை ஷிப்டில், அப்படி ஓட்டிய ஒரு லாரி மரியபுஷ்பம் என்கிற உப்பளத் தொழிலாளியை அடித்துக் கொன்றுவிட்டது. ஓட்டியவர் இசக்கிராஜா. ரோட்டில் ஆளே தெரியவில்லை என்கிறார். கேமரா பதிவில் அந்த அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது பளிச்சென்று தெரிகிறது. ஆக, டிரைவர் தூங்கிவிட்டார். அப்படித்தான் கம்பெனி சொன்னது, போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. கமிஷனும் அதையே சொன்னால் அவருக்கு ஜெயில் நிச்சயம்.

டிரைவர் பார்த்த திரையில் என்ன தெரிந்தது என்பதை மட்டும் யாரும் சேமித்து வைக்கவில்லை. விபத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான் அந்த ஹாலில் பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார்கள். அந்த மாற்றத்தால் ஏதாவது கெட்டதா என்று, லாரியின் கேமரா பதிவையும் கொடுத்து, கமிஷன் எங்களைக் கேட்டிருந்தது.

"இந்துஜா, முதல் ஓட்டத்தை எதுக்கு ரிப்போர்ட்ல போட்டிருக்கே?" என்றார் கிரிதரன் சார்.

"நடந்தது சார். அதான் போட்டேன்."

"எடு."

"ஏன் சார்?"

"ஏனா? உலகம் பூரா எடுக்கிறான். கார்டு குளிர்ந்து கிடக்கும். நினைவுல ஒண்ணும் ஏறியிருக்காது. முதல் தோசை பிஞ்சுதான் வரும். அதை வெச்சு ஓட்டல் நல்லாயில்லேன்னு சொல்லுவியா?"

எங்கள் ஆய்வகத்தில் அந்த ஓட்டத்துக்குப் பெயரே முதல் தோசைதான். நான்கு முறை ஓட்டி, முதலாவதைத் தூக்கிப்போட்டுவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எடுப்போம். அது ஓடும்போது யாரும் பார்ப்பதுகூட இல்லை. மெஷினைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் போவதில்லை. டீக்கடையில் நின்றால் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார் என்று சுற்றி வளைத்து ஒரே இடத்துக்கு வருவார்கள். அந்த எரிச்சலுக்கு இந்த மெஷின் மேல். அதனால்தான் முதல் ஓட்டத்தைப் பார்த்தேன். மற்றபடி பெரிய அறிவு ஒன்றும் இல்லை.

"பிஞ்சு வரலை சார்," என்றேன். "அதுதான் பிரச்சினை. பழைய கார்டுல முதல் ஓட்டம் பிஞ்சுதான் வந்துச்சு. படம் திக்குது, கட்டம் கட்டமா கருப்பா நிக்குது. ஆனா அந்தக் கந்தலுக்குள்ள சைக்கிள் தள்ளுற பொண்ணு இருக்கா. புதுசுல படம் எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கிட்டுப் போகுது. ரோடு இருக்கு, கம்பம் இருக்கு, ஓரத்துல கெடக்கிற கல்லு இருக்கு. அவ மட்டும் இல்லை."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். முன்னப்பின்ன இருக்கும். அப்புறம் பனி விலகுற மாதிரி மெல்ல வர்றா."

சிரித்தார். "ரெண்டு நிமிஷம்!"

"லாரிக்கு அது ரெண்டு கிலோமீட்டர் சார்."

சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"சரி, ஏன் அப்படி வருது? சொல்லு."

"புதுசு நாலு படத்துல ஒண்ணைத்தான் நிஜமா வரையுது. மீதி மூணு ஊகம். அதனாலதான் இருநூத்தி நாப்பது. ஊகிக்கிறதுக்குக் கையில ஏதாவது வேணும். ஓடிட்டு இருக்கிறப்போ, இப்ப பாத்ததை வெச்சு ஊகிக்குது. இப்பதான் கண்ணு முழிச்சுதுன்னா? அதுக்கு முன்கூட்டியே ஏத்தி வெச்சிருக்கிற ரோடு ஸ்கேன்தான் கதி. அந்த ஸ்கேனை எப்படி எடுத்தாங்க தெரியுமா? போலீஸ் நிறுத்தி, ஆள், ஆடு, சைக்கிள் எல்லாத்தையும் விரட்டிட்டுக் காலி ரோட்டை எடுத்திருக்காங்க. கார்டுக்குத் தெரிஞ்ச ரோட்டுல மனுஷங்களே கிடையாது. கேமரா 'ஆள்'ங்குது. இது, 'அங்க எப்படி ஆள் வரும், தூசியா இருக்கும்'னு துடைச்சு விட்டுடுது."

"பழசுக்கும் இதே நிலைமைதானே?"

"பழசு ஊகிக்காது. தெரியலைன்னா நின்னுடும். நின்னா டிரைவர் பிரேக்குல கால் வைப்பான். அதுவுமில்லாம பழசு கிளம்ப நேரமாகும்னு ராத்திரி பகலா ஆன்லயே வெச்சிருந்தாங்க. புதுசு சட்டுனு கிளம்புது, அதனால ஒவ்வொரு ஷிப்ட் முடிஞ்சதும் அணைச்சிடுறாங்க. கரண்ட் மிச்சம். அப்ப அங்க ஒவ்வொரு ஷிப்டும் முதல் தோசைதான் சார். நாம தூக்கிப் போட்டுட்டோம். அதை அந்த அம்மா தின்னிருக்காங்க."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்த டிரைவர் உங்க பக்கத்து ஆளா?" என்றார்.

"எந்தப் பக்கம் சார்?"

அவர் ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினார். நான் விடவில்லை. "சொல்லுங்க சார். எந்தப் பக்கம்?"

"போம்மா. போய் வேலையைப் பாரு."

மறுநாள் ரிப்போர்ட் அந்தப் பத்தி இல்லாமல் போனது. ஆனால் சோதனையை ஓட்டியவரே நேரில் வந்து உறுதி சொல்ல வேண்டும் என்பது கமிஷனின் விதி. ஓட்டியது நான். கிரிதரன் சாருக்கு அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொந்தச் சரக்கு வேண்டாம்," என்று சொல்லித்தான் டிக்கெட்டையே கொடுத்தார்.

தூத்துக்குடியில் விசாரணை நடந்த கட்டடத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். காலையிலேயே வெயில் அடித்துத் துவைத்தது. அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், தயங்கித் தயங்கி வந்தார்.

"எம்மா, மெட்ராஸ்ல கார்டு சோதிச்சது நீங்கதானா? நான் இசக்கிராஜா."

"ஆமா."

"எந்த ஊரு உங்களுக்கு?"

"எதுக்குக் கேக்கிறீங்க?" என்றேன் வெடுக்கென்று.

அவர் மிரண்டுவிட்டார். "இல்லம்மா, பஸ்ல வந்த அசதி மொகத்துல தெரியுது. தூரமோன்னு கேட்டேன். வேற ஒண்ணுமில்ல."

சாத்தூர் என்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்ன பாத்தீங்க? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"ரோடு பாத்தேன். வேற என்னத்தப் பாக்க? சீட்டுல ஒக்காந்து, ஆன் பண்ணி, யார்டுல இருந்து வண்டிய எடுத்தேன். ஆளே தெரியலம்மா. நல்லா முழிச்சித்தான் இருந்தேன். எம் பொண்டாட்டியே கேக்கா, 'நெசமாத்தான் சொல்லுதியளா, கண்ணசரலியா'ன்னு. போலீஸ் அந்தப் படத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுனாவ. அந்தம்மா லைட்டோட தெளிவா வருது. பாத்துப் பாத்து இப்பம் எனக்கே சந்தேகம் வந்துட்டு. தூங்கித்தான் இருப்பனோ?"

"தூங்கலை."

"எப்படிச் சொல்லுதிய?"

"சொல்றேன். உள்ள சொல்றேன். லாரியில தானா நிக்கிற பிரேக் இருக்குமே, அது என்னாச்சு?"

"உப்புத்தூசி பட்டாலே நிக்கிதுன்னு கம்பெனிக்காரனே அத அணைச்சுட்டான். அந்தப் பழைய மிசினு திக்கும்மா. நாங்க எல்லாரும் வைவோம். திக்குனா காலு தன்னால பிரேக்குக்குப் போயிரும். இது தண்ணி மாதிரிப் போச்சு. ஆகா, நல்ல மிசினுன்னு நெனச்சேன் பாத்துக்கிடுங்க."

அதற்குள் ஒரு ஆள் எங்களை நோக்கி வேகமாக வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பின்னால் ஐந்தாறு பெண்கள், உப்புத் தண்ணீரில் வெடித்த கால்களோடு.

"தொம்மை அண்ணன்," என்றார் இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டு. "அந்தம்மா வீட்டுக்காரரு."

"ஏட்டி, இவங்கூட என்ன குசுகுசுப்பு? எவ்வளவு துட்டு குடுத்தான்?"

"ஏட்டி கீட்டின்னு கூப்பிடாதீங்க. எம் பேரு இந்துஜா. யாரும் எனக்குத் துட்டு குடுக்கலை."

"அப்பம் எதுக்கு வந்த?"

"நடந்ததைச் சொல்ல. இவர் தூங்கலை. மெஷின் உங்க வீட்டம்மாவை இவருக்குக் காட்டலை."

"காட்டலியா? அவ என்ன பேயா பிசாசா? சைக்கிள் இருக்கு, கையில லைட்டு இருக்கு. கேமராவுல தெரியிறவ இவன் கண்ணுக்குத் தெரியலியோ?"

"கேமரா பாத்துச்சு. இவர் கேமராவைப் பாக்கலை. நடுவுல ஒரு கார்டு வரைஞ்சு குடுத்த படத்தைப் பாத்தார். அது உங்க வீட்டம்மாவை வரையலை."

"படிச்சவளுவ வாயி எப்படி வேணாலும் திரும்பும்," என்று காறித் துப்பினார். என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

நானும் நிதானமாக இருக்கவில்லை. "இவரை உள்ள தள்ளிட்டா கார்டு வெளியதான் இருக்கும். நாளைக்கு உங்க பொண்ணு அதே ரோட்டுல போவா. அப்ப வேற ஒரு டிரைவரைத் தேடுங்க."

கையை ஓங்கிவிட்டார். இசக்கிராஜா இடையில் வந்து நின்றார். "என்னிய அடிங்கண்ணே. அந்தப் பிள்ளைய விட்ருங்க." தொம்மை அவரை அடிக்கவில்லை. தொடக்கூட அருவருப்பாக இருந்திருக்க வேண்டும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் சொன்னது கொடூரம்தான். ஆனால் பொய் இல்லை.

விசாரணை ஹால் புதிதாகப் பளபளத்தது. கமிஷன் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் சென்னையில் வீட்டிலிருந்தே விசாரிப்பதாக ஏற்பாடு. முன்சுவரில் இரண்டு திரை. பெரியதில் அவர். சிறியதில் எங்கள் ஹாலிலிருந்து அவருக்குப் போகிற படம். ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கம்பெனி வக்கீல், அவருடைய ஜூனியர்கள். பக்கவாட்டில் போலீஸ். கடைசி வரிசைகளில் உப்பளத்துப் பெண்கள். கிளார்க் மேஜைக்கு அடியில் குனிந்து, ஹால் கேமராவின் படத்தை வரைந்து அனுப்புகிற மெஷினைப் போட்டார். சட்டென்று கிளம்பியது.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்தார். "தூத்துக்குடி, வணக்கம். என்ன, இன்னும் யாரும் வரலையா?"

கிளார்க் மைக்கில், "எல்லாரும் வந்தாச்சுங்க ஐயா," என்றார்.

"உங்க குரல் கேக்குது. ஹால் காலியா இருக்கே?"

சிலர் சிரித்தார்கள். நான் சின்னத் திரையைப் பார்த்தேன். வரிசை வரிசையாக நாற்காலிகள். சுத்தமான மேஜை. திரைச்சீலையின் மடிப்புகூடத் தெளிவு. ஆள் ஒருவர் இல்லை. வக்கீலின் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டில்கூட இல்லை. இந்த ஹாலையும் ஆள் இல்லாத நேரத்தில்தான் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். மெஷினில் என்ன கார்டு இருக்கும் என்று நான் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

எழுந்து கத்தினேன். "சார், இதுதான் சார்! இதுதான் அன்னைக்கு நடந்தது. உங்க முன்னாடி இத்தனை பேர் இருக்கோம். தெரியுதா உங்களுக்கு?"

"யார் பேசுறது?"

வக்கீல் பதறி எழுந்து கையை ஆட்டினார். "கனம் ஐயா, மெஷின் இப்பதான் போட்டிருக்கு. கொஞ்சம் சூடேறணும். ரெண்டே நிமிஷம்."

அந்த இரண்டு நிமிஷமும் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கையை ஆட்டிய வக்கீல். பிறகு அங்குமிங்கும் நடந்த ஜூனியர்கள், போலீஸ்காரர்கள், கத்திக்கொண்டிருந்த நான். யார் அதிகம் அசைந்தார்களோ அவர்களை முதலில் நம்பியது கார்டு. கையைக் கட்டி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்கள்தான் கடைசி. அவர்கள் நாற்காலிகள் வெகுநேரம் காலியாகவே இருந்தன. தொம்மையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பக்கத்தில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"ம், இப்ப சரியாயிடுச்சு," என்றார் நீதிபதி. "கிளார்க், இதுலேருந்து பதிவை ஆரம்பிச்சுக்குங்க. முன்னாடி நடந்ததெல்லாம் டெக்னிக்கல் விவகாரம். அது வேண்டாம்."

"சார், நீங்களும் முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போடுறீங்க!"

"அம்மா, மரியாதையா உட்காருங்க. கூப்பிடுறப்போ பேசலாம்."

கூப்பிட்டார்கள். வக்கீல் என் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரெண்டு கார்டையும் நீங்கதான் சோதிச்சீங்க. எது சிறந்தது? பழையதா, புதியதா?"

"புதியது. ஆனா…"

"புதியது. நன்றி."

"ஆனா முதல் ரெண்டு நிமிஷம்…"

"அது உங்க ஆய்வகத்தோட ரிப்போர்ட்ல இருக்கா?"

"எடுத்துட்டாங்க."

"இருக்கா, இல்லையா?"

"இல்லை."

"அவ்வளவுதான், கனம் ஐயா."

அவ்வளவுதான். இசக்கிராஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இனி அவர் தூங்கியது உறுதி. அவரே நம்ப ஆரம்பித்துவிடுவார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேஜையைக் கவிழ்த்துப் போட வேண்டும் போல இருந்தது.

தொம்மை எழுந்தார். நேராக முன்னால் நடந்து வந்து கிளார்க் மேஜைக்கு அடியில் கையை விட்டு மெஷினின் ஒயரைப் பிடுங்கினார். இரண்டு திரையும் இருண்டன.

"ஏ, என்னவே பண்ணுதீரு!" என்று கிளார்க் கத்தினார். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார். அதற்குள் தொம்மை ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு நிமிர்ந்துவிட்டார். மெஷின் சட்டென்று கிளம்பியது. அதுதானே அதன் பெருமை.

அவர் போய் கேமராவுக்கு நேரே, வக்கீலின் தோளை உரசிக்கொண்டு நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். "எவளும் அசையாதிய," என்று பின்வரிசையைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. அவர்களுக்கு அது பழக்கம். போலீஸ்காரரும், என்ன நடக்கிறதென்று புரியாமல், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"ஹலோ? தூத்துக்குடி? கரண்ட் போச்சா?" பெரிய திரையில் நீதிபதி கண்ணைச் சுருக்கினார். "மறுபடியும் காலியா இருக்கே. யாராவது இருக்கீங்களா?"

கிளார்க்கின் கை மைக் பொத்தானுக்குப் போனது. தொம்மையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

தாங்க முடியாமல் வக்கீல்தான் கையை வீசினார். சின்னத் திரையில், ஆளில்லாத ஹாலில், அவர் மட்டும் புகை மாதிரி எழும்பி வந்தார்.

"ஆங், வக்கீல் சார் தெரியுறீங்க," என்றார் நீதிபதி. "நீங்க மட்டும்தான் இருக்கீங்களா? மத்தவங்க எங்க?"

வக்கீல் வாயைத் திறந்தார். தொம்மையின் மூச்சு அவர் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கிளார்க் இப்போது பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பிக்கச் சொன்னது நீதிபதியேதான்.

"இருக்காங்க ஐயா," என்றார் வக்கீல். "எல்லாரும் இருக்காங்க. எம் பக்கத்துலயே ஒருத்தர் நிக்கிறார்."

"எந்தப் பக்கம்?"

"இதோ. வலது பக்கம். ஒட்டி நிக்கிறார்."

நீதிபதி நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு மிக அருகில் வந்தார். அவருடைய முகம் பெரிதாகிச் சுவரை நிறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக, நல்ல விழிப்போடு, பார்த்தார்.

"இல்லையே," என்றார். "எனக்கு ஆளே தெரியலையே."

கிளார்க் அதைத் தட்டச்சு செய்தார்.